மிராசுதாரின் மட்டை வீச்சு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். காதைத் தீட்டி வைத்தே சொந்தமாய் ரைஸ் மில் வைக்கிற வரைக்கும் வந்தவன். வலங்கைமான் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசியது இது.

"எங்க மிராசுதார் கோல்ஃப் பழகுறாருண்ணே. நான் குத்தகைக்கு உழுற வயல்லதான், அறுப்பு முடிஞ்சதுலேருந்து. ஒரு வீச்சுக்கு ஒரு கூடை மண்ணு பெயருது."

"உனக்கென்னடா?"

"தாசில்தார் வந்தா, பெயர்ந்த மண்ணைக் காட்டி, 'பாருங்க, நான்தான் கொத்திப் பயிர் பண்றேன்'னு சொல்லி என்னைக் கெளப்பிடுவாரே."

"அதுக்கு?"

"நானே பழக்கிவிட்டேன். கதிரடிக்கிற மாதிரி இடுப்பைத் திருப்புங்க, தலையத் தூக்காதீங்கன்னு, காலையில நூறு வீச்சு. இப்ப ஒரு பிடி மண்ணு பெயரல."

"பந்து?"

"அதுவும் அசையல. மட்டை ஒரு முழம் மேலயே போவுது. அதை மட்டும் நான் திருத்தல."