செலின் அம்மா அடிக்க மறுத்த கடிதம்

தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் திரு. பிரகாசம் அவர்களே! ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்திருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளர்களே, தாய்மார்களே! உங்கள் துயரத்தில் எனக்கும் ஓர் இடம் கொடுத்ததற்கு நன்றி.

நான் ரகுநாதன். நம் தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். நிர்வாகத்தின் ஆளுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. மறைந்த திருமதி செலின் பிரகாசம் எட்டு ஆண்டுகள் என் அறைக்கு வெளியே டைப்பிஸ்டாக இருந்தார். அவரைப் பற்றி நான் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஐ.டி.ஐ. முடித்த இருபத்து நான்கு பேரை அப்ரண்டிஸாக எடுத்தோம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். நான் என்ன சொன்னேன்? "கையெழுத்தை வாங்கி அனுப்புங்க." செலின் அம்மா என்ன செய்தார்? ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். ஒருவருக்கு அரைமணி நேரம்! நான் கோபப்பட்டேன்.

"அவங்க ஒரு வருச வாழ்க்கைய எழுதிக் குடுக்குறாங்க சார். அரைமணி நேரம் கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

அந்த ஒப்பந்தத்தை அரசின் பயிற்சி ஆலோசகரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் சட்டம். பாடம் வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இவற்றில் எதைச் செய்தோம்? ஒன்றையும் செய்யவில்லை! ஒப்பந்தங்கள் என் மேஜை இழுப்பறையில் கிடந்தன. வகுப்பு, வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் நடந்தது. "சார், அந்த பேப்பரு இன்னும் போகலியே" என்று செலின் அம்மா மூன்று முறை கேட்டார். பார்க்கலாம் என்றேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், அந்த இருபத்து நான்கு பேரில் ஒருவரான வெள்ளானூர் கங்காதரன் பிரஸ் மிஷினில் வலது கையின் மூன்று விரல்களை இழந்தார். எட்டு மாதம் தனி ஆளாக அந்த மிஷினை ஓட்டியவர். நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? "அவர் பயிற்சி பெறுபவர். பார்த்துப் பழகத்தான் அனுமதி. தானாகப் போய்த் தொட்டார். அவருக்கு இங்கே வேலை இல்லை." அப்படிச் சொல்ல, ஒப்பந்தம் முறையாக அனுப்பப்பட்டதாகக் காட்ட வேண்டுமே! விபத்துக்கு மூன்று மாதம் முன்பே அனுப்பியதுபோல, மார்ச் ஒன்பதாம் தேதி போட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன்.

செலின் அம்மா காலண்டரைப் பார்த்தார். "சார், அன்னைக்கு நான் லீவு. எங்க பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை குடுத்த நாளு. ஆபீசுக்கே வராதவ எப்டி சார் லெட்டர் அடிச்சிருப்பேன்?"

"யாரு பார்க்கப் போறாங்க?"

"கங்காதரன் பார்ப்பான் சார்."

அவர் அடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு விரலால் நானே அடித்தேன்.

தொழிலாளர் துறை விசாரணையில், அந்தக் கடிதம் உண்மை என்று நான் சொன்னேன். பிறகு செலின் அம்மாவை அழைத்தார்கள். ஒப்பந்தங்களை அனுப்பவே இல்லை என்றார். வகுப்பு நடக்கவில்லை என்றும், வருகையைத் தானே குறித்ததாகவும் ஒப்புக்கொண்டார். பதிவும் இல்லாமல் பாடமும் இல்லாமல் மிஷினில் நிறுத்தப்பட்டவர் தொழிலாளியே என்று முடிவானது. கங்காதரனுக்கு டூல் ரூமில் வேலை கிடைத்தது. மற்ற இருபத்து மூன்று பேரும் நிரந்தரமானார்கள். அவர்களில் பலர் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள்!

செலின் அம்மாவுக்கு என்ன கிடைத்தது? டைப்ரைட்டரை விட்டு எழுப்பி, பின்பக்கத் தகரக் கொட்டகை ஸ்டோர்ஸில் போட்டார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா சார்?" என்பார். ஒரு சுடுசொல் சொல்லியிருக்கக் கூடாதா! சொல்லியிருந்தால் நானும் வாய் திறந்திருப்பேன். கையெழுத்துப் போடச் சொன்ன காகிதங்களைப் படித்துச் சொல்லக் கேட்டு வருபவர்களால், ஞாயிறுதோறும் திருமுல்லைவாயிலில் அவர் வீட்டு முன்னறை நிறைந்திருக்கும். ஆவடியிலிருந்து வருவார்கள், பூந்தமல்லியிலிருந்து வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சர்டிபிகேட்டைப் பறிகொடுத்துவிட்டு, வேலப்பன்சாவடியிலிருந்து அழுதுகொண்டே வந்த நர்சுப் பெண்ணை நானே பார்த்தேன். எப்படிப் பார்த்தேன்? மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். காபி கொடுத்தார். குடித்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். இப்படி நான்கு முறை!

ஐந்தாம் முறை போனபோது, வாசலில் செருப்புகள் கிடந்தன. நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டார் என்றார் பிரகாசம். நாற்பத்தைந்து வயது. முன்னறையில் அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதில் உட்கார மாட்டாரா? இன்னும் ஒரு தடவை "சார்" என்று கூப்பிட மாட்டாரா? கூப்பிட்டால், காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேனே!

அவரிடம் சொல்ல முடியாததை அவர் கணவருக்கும் மகளுக்கும் முன்னால், உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். அந்தக் கடிதம் பொய். நான் சொன்னதும் பொய். செலின் பிரகாசம் சொன்னதே உண்மை.

முன்னறையை மூட மாட்டோம் என்று பிரகாசம் உறுதி சொல்லியிருக்கிறார். இனி அங்கே உட்காரப் போகிறவர் கங்காதரன். ஒப்பந்தங்களின் ஆங்கிலம் எனக்குத் தெரியும். அதில் எங்கே பள்ளம் தோண்டுவார்கள் என்பதும் தெரியும், நானே தோண்டியவன் அல்லவா! "நானும் வரலாமா?" என்று நேற்று கங்காதரனிடம் கேட்டேன்.

அவர் சொன்னார்: "வா சார். ஆனா அம்மா மாறி முயுசா படிச்சிக் காட்டணும். நடுவுல எதுனா உட்டுட்டன்னு வெச்சிக்கோ, நான் சும்மா இருக்க மாட்டேன்."

வருகிறேன், கங்காதரன். ஒரு வரியும் விடமாட்டேன்.