பல்லுக்காக விட்ட மாத்திரை

கண்ணாயிரம்: நடராசர் ஊருல உக்காந்து சொல்றேன் டாக்டரம்மா. ஒரு எழுத்து பொய் கெடையாது. பல்லு புடுங்கணுமேன்னுதான் இருதய மாத்திரைய ஆறு நாளா நிறுத்தி வச்சிருக்கேன்.

கயல்விழி: ஆறு நாளா! ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையவா?

கண்ணாயிரம்: அதேதான்.

கயல்விழி: இருதயக் கொழாய்ல ஸ்டென்ட் வச்சு எத்தன மாசம்?

பட்டம்மாள்: நாலு மாசம் டாக்டர்.

கண்ணாயிரம்: நீ சும்மா இரு பட்டு...

கயல்விழி: நிறுத்தச் சொன்னது யாரு? உங்க ஹார்ட் டாக்டரா?

கண்ணாயிரம்: புவனகிரி மச்சான் கதையக் கேளுங்க. மாத்திரையப் போட்டுக்கிட்டே போய் பல்லு புடுங்குனாரு. ரத்தம் நிக்கல. வாளி நெறஞ்சு, வாசல் தாண்டி, வெள்ளாத்துல கலந்து... பாலத்துல பஸ்ஸ நிறுத்தி ஜனம் வேடிக்க பாத்துச்சு.

பட்டம்மாள்: எங்கண்ணனுக்கா? அதுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கே!

கண்ணாயிரம்: மறுபடி மொளச்சிடுச்சு.

கயல்விழி: ஐயா, மாத்திரையோடவே புடுங்கலாம். பஞ்ச வச்சு அர மணி நேரம் கடிச்சிக்கிட்டா நின்னுடும். வேணும்னா தையல் போடுவோம். மாத்திரைய விட்டாத்தான் ஆபத்து, ஸ்டென்ட் அடைச்சிக்கும்... ஏன் தோளத் தேய்க்கிறீங்க?

கண்ணாயிரம்: கடலூர்லேர்ந்து கம்பியப் புடிச்சிக்கிட்டே வந்தேன்.

பட்டம்மாள்: ஜன்னல் சீட்டுல உக்காந்துதானே வந்தீங்க?

கண்ணாயிரம்: ஜன்னல்ல கம்பி இல்லியா?

கயல்விழி: எந்திரிக்காதீங்க. நெஞ்சு எப்படி இருக்கு?

கண்ணாயிரம்: குதிர மாதிரி! மாத்திரையோட இருந்தப்ப கடலூர்ல எங்க செம்மண்டலம் ஏரியாவே என்னப் பாத்து, ‘பாவம், ஹார்ட் பேஷன்ட்டு’ன்னு ஒதுங்கி வழி வுட்டுச்சு. மானமே போச்சு. மாத்திரைய வுட்டப்புறம் ஒரு பயலும் ஒதுங்கல... கொஞ்சம் ஃபேன ஜாஸ்தி வைங்க.

பட்டம்மாள்: வேர்க்குது டாக்டர் இவருக்கு.

கயல்விழி: பல்லு இருக்கட்டும். மொதல்ல ஈசிஜி. ஆம்புலன்சக் கூப்பிடுறேன்.

கண்ணாயிரம்: ஐயய்யோ, வேணாம்! இந்தப் பல்லுக்காக ஆறு நாளு தவம் கெடந்திருக்கேன். புடுங்கிட்டு வுட்டுடுங்க, நானே நடந்து போறேன்...

கயல்விழி: அம்மா, ஆஸ்பத்திரியில கேப்பாங்க. உள்ளதச் சொல்லுங்க. பல்லு எப்பலேர்ந்து வலி?

கண்ணாயிரம்: பட்டு...

பட்டம்மாள்: நேத்து மத்தியானம் முறுக்கக் கடிச்சப்பத்தான் அந்தப் பல்லே ஒடஞ்சுது.