ஒரு டீ குடிக்கும் நேரம்

முப்பது ஆண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்து, ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் கூச்சலை அடக்குவதற்கென்றே இங்கு வந்து அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், தலைமையாசிரியர் ஐயா அவர்களே! எனக்கு முன் இடியென முழங்கி, என்னைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டு அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அண்ணன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்றாலும் காது கொடுத்துக் கேட்கும் இளைஞர்களே! நீரேற்று நிலையத்தில் வால்வு திறக்கிறவளின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இன்று காலை நான் ஏற்றிய தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடங்குகிறேன். பேசப்போவதும் இதைப் பற்றித்தான்.

வழக்கறிஞர் அண்ணன் வாசித்த தீர்மானத்தில் இரண்டே வரிகள். ஆற்றின் அக்கரையை அண்டை நாட்டுக்கு எழுதிக்கொடுத்துப் போரை முடித்த நம் முன்னாள் நாட்டுத் தலைவர் ஒரு துரோகி என்று இந்த நகரம் அறிவிக்கிறது. இது முதல் வரி. துரோகி போட்ட கையெழுத்து செல்லாது, ஆகவே அந்த ஒப்பந்தப்படி இங்கிருந்து அக்கரைக்குப் போகும் குடிநீரை நாளை காலை நிறுத்துகிறோம். இது இரண்டாம் வரி. அதற்கு வால்வை மூடவேண்டிய கை இதோ, இந்தக் கை.

அந்த மனிதருக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் கையெழுத்திட்ட அன்று மாலை, இதே மேடையில், இதே ஒலிபெருக்கியில், அவரைத் துரோகி என்று முதன்முதலில் முழங்கிய குரல் யாருடையது? என்னுடையது. தொண்டை கட்டும்வரை கத்தினேன், நீங்களும் கை வலிக்கத் தட்டினீர்கள். மறந்துவிட்டீர்களா?

பின்னாலிருந்து "மறக்கலக்கா" என்று ஒரு குரல் வருகிறது. நல்லது தம்பி. ஞாபகம் உள்ளவர்களோடு பேசுவதுதான் எனக்கும் வசதி.

ஏன் அப்படிக் கத்தினேன்? அக்கரையில் என் அண்ணன் இருந்தான். குழாய் ஃபிட்டர். பெயரைச் சொன்னால் நகராட்சியில் யாருக்கும் தெரியாது, 'நத்தை' என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்த வால்வையும் அவன் ஒரே மூச்சில் திறந்ததில்லை. கால் சுற்று திறப்பான், நிறுத்துவான், போய் ஒரு டீ குடிப்பான், திரும்பி வந்துதான் முழுக்கத் திறப்பான். மூடும்போதும் அதே கதைதான். "ஏண்ணா, நீ வேலைக்கு வர்றதே டீக்காகத்தானே?" என்று கேட்பேன். "தண்ணிக்கும் மூச்சு வாங்க நேரம் குடுக்கணும்மா. ஓடற தண்ணியத் திடுதிப்புனு அடைச்சா, திரும்பி வந்து குழாயத்தான் அடிக்கும்" என்பான். பிறகு, "டீயும் நல்லாத்தான் இருக்கு" என்பான்.

எந்தக் கரையில் வாழ்வது என்று முடிவு செய்ய ஒப்பந்தம் ஒரு வாரம் கெடு கொடுத்தது. கடைசி நாள் அண்ணன் பாலத்தின் நடுவுக்கு வந்தான். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. அண்ணியின் அம்மா அங்கே படுத்த படுக்கை. "அத்தையத் தூக்கிட்டு வர முடியாதும்மா. இவள மட்டும் விட்டுட்டும் வர முடியாது. நான் அங்கயே இருந்துக்கறேன்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உடம்பைப் பார்த்துக்கொள் என்றேனா? அண்ணியைக் கேட்டதாகச் சொல் என்றேனா? நரம்பில்லாத நாக்கு, அதிலும் மேடையில் பழகிய நாக்கு. "அப்போ நீயும் துரோகிதான்" என்றேன்.

அவனோ எதற்கும் நிதானமாகப் பதில் சொல்கிறவன். அவன் வாய் திறப்பதற்குள் நான் திரும்பி நடந்துவிட்டேன். அவன் என்ன சொல்லவந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். அதே ஆத்திரம். அக்கரைக்குப் போகும் வால்வை ஒரே மூச்சில் அடைத்தேன். என்ன ஆயிற்று? அண்ணன் சொன்னதுதான் ஆயிற்று. தண்ணீர் திரும்பி வந்து அடித்தது, நிலையத்துக்குள்ளேயே குழாய் வெடித்தது. அக்கரை தவிக்கட்டும் என்று அடைத்தவள் நான். மூன்று நாள் வாளியோடு தெருத்தெருவாக அலைந்தவர்கள் நீங்கள். பழைய குழாய், அதனால் வெடித்தது என்று அன்று உங்களிடம் சொன்னேன். அது பொய். தாய்மார்களே, இன்றைக்காவது மன்னித்துவிடுங்கள்.

குழாயைச் சரிசெய்து, மேலதிகாரியின் உத்தரவுப்படி நான்காம் நாள் மறுபடி தண்ணீர் விட்டேன். அழுத்தம் காட்டும் மீட்டர் முன்னால் நின்றேன். அக்கரையில் யாராவது வால்வைத் திறந்தால் இங்கே முள் இறங்கும். முள் கொஞ்சம் இறங்கியது. நின்றது. ஐந்து நிமிடம் அசையவில்லை. பிறகு முழுக்க இறங்கியது.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

கடிதம் போகாத கரைக்கு, தொலைபேசி எட்டாத கரைக்கு, பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கு இருக்கும் ஒரே வழி அந்த முள். காய்ச்சலோடு போயிருக்கிறேன், கால் சுளுக்கோடு போயிருக்கிறேன், ஒரு காலையைக்கூட விட்டதில்லை. முள் நிற்கும் அந்த ஐந்து நிமிடமும் நானும் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அதுதான் நாங்கள் சேர்ந்து குடிக்கும் டீ.

கடந்த பத்தொன்பது நாட்களாக முள் நிற்கவில்லை. ஒரே இறக்கமாக இறங்கிவிடுகிறது. வேறு யாரோ திறக்கிறார்கள். அண்ணன் விடுப்பில் இருக்கிறானா, நோயில் கிடக்கிறானா, இருக்கிறானா, இல்லையா? யாரைக் கேட்பேன்? எங்கே கேட்பேன்?

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில் பாலத்துக் குழாயின் இணைப்புகளை மாற்ற வேண்டும், இரு கரைத் தொழிலாளர்களும் பாலத்தின் நடுவில் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். அது அடுத்த மாதம். என் பெயர் பட்டியலில் இருக்கிறது. அண்ணன் வரலாம். வராவிட்டால் அவனோடு வேலை பார்த்தவர் ஒருவராவது வருவார், அவரிடம் கேட்கலாம். நீங்கள் இன்று கை தூக்கினால் அந்த வேலையும் இல்லை.

"அண்ணனுக்காகத்தானே பேசறீங்க?" என்கிறீர்கள். ஆமாம் ஐயா. அண்ணனுக்காகத்தான் பேசுகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

முன்வரிசையில் தையற்கடை அண்ணன் இருக்கிறார். அந்தக் கரையைக் காக்கப் போன அவருடைய மகன் திரும்பி வரவில்லை. மகன் உயிரைக் கொடுத்த மண்ணை அந்த முன்னாள் தலைவர் பேனா மையால் எழுதிக் கொடுத்தார். அண்ணா, உங்களோடு வாதம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. அவர் செய்தது தவறு என்று எழுதுங்கள், நானும் கை தூக்குகிறேன். கோழை என்று எழுதுங்கள், யோசித்துத் தூக்குகிறேன். ஆனால் துரோகி என்றால் யார்? தெரிந்தே விற்றவன். விற்றவன் என்றால் வாங்கியது எங்கே? குண்டு நின்றது, அது நம் எல்லோருக்கும்தான் கிடைத்தது. அவருக்கு என்ன கிடைத்தது? வாடகை வீடு, வாசலில் நாம் கொட்டும் குப்பை.

இந்தச் சொல் இருக்கிறதே, அது ஒருவரோடு நிற்பதில்லை. முதலில் அவர் துரோகி. பிறகு அவருடைய அமைச்சர்கள். பிறகு அவருக்கு முடி திருத்தியவர். சிரிக்காதீர்கள், அந்தக் கடைக் கண்ணாடியை உடைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். கடைசியில் எங்கே வந்து நின்றது? பெட்டியில்லாமல் பாலத்துக்கு வந்த என் அண்ணனிடம். நான் எய்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு அவன் வேண்டும். அவனைக் காண வேண்டும். அவன் சொல்லவந்ததை, எவ்வளவு நேரமானாலும், நின்று கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தீர்மானம் நிறைவேறலாம். நிறைவேறினால் வால்வை மூட வேறு ஆளைப் பாருங்கள், நிலையத்தின் சாவியைத் தலைமையாசிரியர் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வருகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். ஒரே மூச்சில் மூட வேண்டாம். கால் சுற்று மூடட்டும், நிறுத்தட்டும், போய் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். அதற்குள் உங்களில் யாருக்காவது மனம் மாறலாம்.

அந்த ஐந்து நிமிடம் நான் மீட்டரின் முன்னால்தான் நிற்பேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குவளையில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும் நன்றி. வணக்கம்.