சங்கவியின் முறை

"எல்லாரும் படிச்சி முடிச்சப்பறம்தான் எங்கம்மா படிக்கணுமா சார்?" என்று சங்கவியின் மகள் ஆர்த்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. சிரித்துக்கொண்டே ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

செயலாளர் ஐயா, இதழின் பெயர்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கவிக்கு ஏன் தாமதமானது என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். நம் அறக்கட்டளையின் விழுப்புரம் நூலகத்துக்கு வரும் இதழ்களை ஊழியர்களிடையே சுற்றுக்கு விடுவது என் வேலை. அட்டையில் பெயர்ச் சீட்டு ஒட்டுவேன். படித்தவர் கையெழுத்தும் தேதியும் போட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். சங்கவி தற்காலிக ஊழியர். அதனால் கடைசிப் பெயர் அவளுடையது.

நல்லவள். நான்கு வருடம் முன்பு, என் மகனின் பள்ளி வேலைக்காகப் நூலகத்தின் பழைய இதழ்த் தொகுப்பிலிருந்து ஒரு படத்தை நான் பிளேடால் அறுத்ததைப் பார்த்துவிட்டாள். மறுநாள் அந்த இடத்தில் அவளே ஒரு நகலை ஒட்டியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட அதைப் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் வணக்கம் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

ஆடியில் நூலகர் சங்க இதழ் வந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக்கு நிரந்தர நூலகர் தேவை, வயது நாற்பதுக்குள். அவளுக்கு அந்த மாதத்தோடு நாற்பது முடிகிறது. விளம்பரத்தை முதலில் படித்தவன் நான். சீட்டில் அவள் பெயருக்கு மேலே, நம் திண்டிவனம் கிளையின் தனம் அம்மாள் பெயரை எழுதினேன். கிளைக்கும் பங்கு வேண்டுமல்லவா.

தனம் போன் செய்தார். "இன்னா சார், நான் ரிட்டையராயி மூணு மாசம் ஆவுது. ஊட்டுல மல்லாட்டை காயப்போட்டுக்கினு கெடக்கறேன். எனக்குப் போயி அனுப்பிக்கினு இருக்கீங்க?"

"கடலை காஞ்சப்பறம் மெதுவாப் படிச்சிட்டு அனுப்புங்கம்மா. அவசரமில்ல."

அவருடைய பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தியவன் நான்தான்.

கடைசித் தேதி போய் ஐந்தாம் நாள் இதழ் சங்கவியின் கைக்கு வந்தது. விளம்பரத்தில் இருந்த கடைசித் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பரவால்ல சார். வரிசை அப்படி, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் குரலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தற்காலிகப் பணியிடம் இனித் தேவையில்லை என்று மறுவாரம் உங்களுக்கு எழுதினேன். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். இப்போது காணை கிராமத்துப் பக்கம் கரும்புக்குச் சோகை உரிக்கும் கூலி வேலைக்குப் போகிறாளாம்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசலில் ஒரு கிலோ ஆப்பிள் வைத்துவிட்டு, பெயர்கூட எழுதாமல் திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை. அவள் எனக்குச் செய்ததை நானும் அவளுக்குச் செய்துவிட்டேன், ஐயா. இனி அவளைப் பார்த்தால் நானே முதலில் வணக்கம் சொல்லலாம்.