டைவாவுக்காக நான் போட்ட கையெழுத்து

கல்யாண விருந்தில் எனக்குக் கேக் இறங்காது. இறால் அடுக்கிய ரொட்டி ஒன்று கிடைத்தால் போதும். டைவாவின் கல்யாணத்திலும் அதைத்தான் சாப்பிட்டேன். நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போலீஸ்காரியான உங்களுக்குத் தெரியாததா? 'இவளை எனக்குத் தெரியும், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். உள்ளூர்ப் பெண்ணுக்குச் சித்தியோ சிநேகிதியோ வந்துவிடுவாள். லித்துவேனியாவிலிருந்து வந்து கருவாட்டு ஆலையில் வேலை பார்க்கும் டைவாவுக்கு யார் இருக்கிறார்கள்? பாஸ்போர்ட் இருந்தது. மணமாகாதவள் என்று ஊரிலிருந்து சான்றிதழும் வாங்கிவிட்டாள். ஆள்தான் இல்லை. ஆலையில் அவளுக்குப் பக்கத்து மேசை நான். மாப்பிள்ளை என் தம்பி சிக்வார்ட்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்டாட்டி இருக்கும்வரை அவன் என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். முதல் பெண்டாட்டி இங்வில்ட் வடக்கே ஓடிப்போன பிறகு பெட்டியோடு என்னிடம் வந்துவிட்டான். மீன் சூப்பில் உப்பு குறைந்த ஒரு நாள் என் இடது காது போயிற்று. உங்களை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னது அதனால்தான். அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுவேன், எழுந்தால் ஜன்னலுக்குப் போவேன், அவன் கார் தெரிகிறதா என்று பார்ப்பேன், மறுபடியும் உட்காருவேன். அதுவும் ஒரு பிழைப்பா?

டைவாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டவள் நான்தான்.

"என்ன டோருன், இவ்வளவு அழகா ஒருத்திய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றான் சிக்வார்ட். அவள் காதுவரை சிவந்தாள். அவனுக்கு இனிக்க இனிக்கப் பேச வரும்.

கையெழுத்துப் போடப் போன அன்று அலுவலக வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா டோருன்? அவரோட மொதப் பொண்டாட்டி ஏன் போயிட்டாங்க?"

"அவளுக்கு இந்த ஊர் மழை ஒத்துக்கல."

"அவ்வளவுதானா? மழை என்னை என்ன பண்ணும்? எங்க ஊர்லயும்தான் கொட்டுது." சிரித்தாள். "நீங்க சொன்னா சரிதான். எனக்கு இங்க உங்கள விட்டா யாரு?"

கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தாளில் கேட்டிருந்தது டைவாவைப் பற்றி. அவளிடம் ஒரு குறையும் கிடையாது. விருந்து முடிந்து, தம்பியின் பெட்டி போய்விட்ட வீட்டுக்கு வந்தவள் கதவைக்கூடப் பூட்டாமல் தூங்கினேன். எத்தனையோ வருடம் கழித்து வந்த தூக்கம்.

போன வாரம் ஒரு மதியம் காலில் செருப்புகூட இல்லாமல், வெறும் காலுறையோடு பனியில் வந்து நின்றாள் டைவா.

"உள்ள விடுங்க டோருன். அவர் என்னைக் கொன்னுடுவாரு."

"அப்படியெல்லாம் பேசாத. உக்காரு, காப்பி போடறேன்."

காப்பியும் போட்டேன். அடுப்படியில் நின்றபடியே தம்பிக்கு ஃபோனும் போட்டேன். அவள் என் வீட்டில் தங்கினால் அவனும் என் வீட்டுக்குத்தான் வருவான். நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் வந்து சத்தம்கூடப் போடவில்லை. "வா டைவா, வீட்டுக்குப் போலாம்" என்றான். காரில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அவள் உயிரோடு இல்லை.

மாடிப்படியில் விழுந்தாள் என்று அவன் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். அவன் அடிப்பவன் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இங்வில்டின் தோள் எலும்பைப் பொருத்தியபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் நான். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், தெரிந்துதான் ஃபோன் செய்தேன். எனக்குப் பதிலாக அவளைக் கொடுத்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, தங்கமான பெண்.

அவன் எத்தனை வருடம் உள்ளே இருப்பான் என்று மட்டும் சொன்னால் உதவியாக இருக்கும். வெளியே வரும்போது அவனுக்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். டைவாவின் மேசைக்கு லாத்வியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், நல்ல திடகாத்திரமானவள், பொறுமைசாலி. இந்த ஊரில் உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று நேற்று அவளிடம் விசாரித்தேன். யாரும் இல்லையாம்.