எந்தச் சாயம் போகுது?

கொடிக்குக் கீழே குனிந்தே உழைத்தாலும் ஊருக்கு முன்னே நிமிர்ந்தே நிற்கும் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர், அவைக்கும் தலைவர், அண்ணன் ஒச்சாண்டி அவர்களே! சின்னமனூரிலிருந்தும் கெங்குவார்பட்டியிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! சிறுநீர்ப்பைப் புற்றுநோய் முகாம் நடத்த மதுரையிலிருந்து வந்திருக்கும், தேனி கடைவீதி பெற்றெடுத்த டாக்டர் பிரின்சி அவர்களே! எல்லோருக்கும் இந்தக் கம்பத்து முத்துப்பாண்டியின் வணக்கம்.

இந்த மேடையில் நான் எப்போதும் மந்திரி. சித்திரைத் திருவிழா நாடகத்தில் ராஜா என் மாப்பிள்ளை ஈஸ்வரபாண்டி! அவன் "யாரங்கே!" என்று குரல் கொடுத்தால் பந்தல் அதிரும், பலகை அதிரும், பக்கத்தில் நிற்கும் மந்திரிக்கே பாதி வசனம் மறந்து போகும். என்ன தம்பி, சத்தமாகப் பேசச் சொல்கிறாயா? சத்தமாகப் பேச அவன் இருந்தானப்பா. என்னுடையது மந்திரித் தொண்டை. போன ஐப்பசியில் அவன் போய்விட்டான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அறுவடை. பழம் வெட்டும்போது வரப்போரம் ஒதுங்கப் போனவன் சிரித்துக்கொண்டே வந்தான். "ஏலே மச்சான், காலையிலருந்து பன்னீர்த் திராட்சையாத் தின்னேனா, ஒண்ணுக்குச் செவப்பாப் போகுதுடா. சாயம்!" வலி உண்டா? இல்லை. எரிச்சல் உண்டா? அதுவும் இல்லை. திராட்சைச் சாயம் என்று தோட்டம் மொத்தமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவனும் அப்படித்தான் சிரித்தான்.

அறுவடை முடிந்தது. கவாத்து வெட்டி, கொடி மொட்டையாக நின்றது. சிவப்பு நின்றதா? நிற்கவில்லை! அப்போதுதான் அவன் மனைவி நாகஜோதி கேட்டாள்: "கொடியில ஒத்தப் பழமில்ல. இப்ப எந்தச் சாயம் போகுது?" அவனை மறுநாளே மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் கட்டி. சுரண்டி எடுத்த சதை டாக்டர் பிரின்சியின் நுண்ணோக்கிக்கு வந்தது. அவரும் ஒரு சாயம் ஏற்றினார்! கட்டிக்குள் எந்தப் புரதம் எப்படி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் சாயம். "பி-53ன்னு ஒரு புரதம் கெட்டுப்போயிருக்கு. செல்லு பெருகுறதக் காட்டுற இன்னொரு புரதமும் கூடுதலா இருக்கு" என்றார். நம் ஆள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: புரதம் கூடுதல்! முட்டையை நிறுத்தினான், மொச்சையை நிறுத்தினான், நாட்டுக்கோழிக் குழம்பைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். ராஜா உடம்பு துரும்பாய் இளைத்தது.

அடுத்த முறை பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யா, அது நீங்க சாப்பிடுற புரதமில்ல. அந்தக் கட்டி தனக்குள்ள உண்டாக்கிக்கிறது. முதல்ல முட்டை சாப்பிடுங்க."

"அப்ப அந்தச் சாயம் என்னதாஞ் சொல்லுது? நான் இன்னும் எத்தன சித்திரை பாப்பேன்?"

"நாள் குறிச்சுச் சொல்லாதுங்கய்யா. மறுபடி வந்து ஆழமா எறங்குற கட்டியான்னு ஒரு துப்புக் குடுக்கும். கட்டியோட ஆழம், அதோட வேகம் எல்லாத்தையும் சேத்துப் பாத்துட்டுத்தான் சிறுநீர்ப்பைய எடுத்துரலாம்னு பெரிய டாக்டர் சொல்றாக."

எடுத்தால் சிறுநீர் சேர வயிற்றின்மேல் ஒரு பையை ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். அங்கேதான் என் மாப்பிள்ளை உடைந்தான். "ராசா வேசம் போட்டவன் பையோட மேடையேறவா? உசுரே போனாலும் வேணாம்."

நாகஜோதி விடவில்லை. "வேசத்துக்கு இடுப்புல அம்புட்டுப் பெரிய கச்சை கட்டுவீகள்ல? அதுக்குள்ள ஒரு பை அடங்காதாக்கும்?"

அடங்கியது அய்யா, அடங்கியது! அடுத்த சித்திரையில் கச்சைக்குள் பையோடு இதே பலகையில் வந்து நின்றான். "யாரங்கே!" என்றான். நான் அழுதுகொண்டே "வந்தேன் மன்னா" என்றேன். வேஷம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் கை தட்டினீர்கள். அதற்கடுத்த சித்திரையிலும் நின்றான். அதன் பிறகு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. சாயம் கொடுத்த துப்பு பொய்யாகவில்லை. இப்போது திருவிழா மேளம் கேட்டால் என் கை தானாகத் தலைப்பாகையைத் தேடுகிறது. ராஜா இல்லாத மந்திரிக்கு எதற்கய்யா தலைப்பாகை?

அதோ, முன்வரிசையில் நாகஜோதி. பேச வாம்மா என்று கூப்பிட்டேன். "எனக்குப் பேச வராதுண்ணே, நீங்களே சொல்லிருங்க" என்றாள். அவள் சொல்லச் சொன்னது இதுதான்: "பழமில்லாதப்பத்தான கேட்டேன். பழம் இருக்கும்போதே கேட்டிருக்கணும்."

தாய்மார்களே, தோழர்களே! வலிக்கவில்லையா? போய்க் காட்டுங்கள். ஒரு தரம் வந்து நின்றுவிட்டதா? அப்போதும் காட்டுங்கள். கொடி முறிய முறியப் பழம் தொங்குகிறதா? அப்போதும் காட்டுங்கள்! சிறுநீரில் தெரியும் சிவப்பைத் திராட்சையின் தலையில் கட்டாதீர்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. சபையைக் கலைக்கும் வசனம் ராஜாவுடையது. மந்திரி அதை ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்கு அவனுக்காகச் சொல்கிறேன்: சபை கலைந்து, நேரே பரிசோதனை அறைக்குப் போவதாக! வணக்கம்.