மூக்கு சார்

காப்பியை இப்படி ஊதிக் குடிக்கக் கூடாது, ஐயா. கரண்டியில் எடுத்து, சத்தம் வர சர்ரென்று உறிஞ்ச வேண்டும். வீட்டில் அப்படிச் செய்தால் அம்மா தலையில் குட்டுவார். எங்கள் தொழிலில் அதற்குத்தான் சம்பளம். உறிஞ்சும்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். காப்பியில் பாதி மூக்கில்தான் இருக்கிறது.

நான் காப்பி ருசி பார்ப்பவன். காப்பி வறுக்கும் ஆலையில் என்னை மூக்கு சார் என்பார்கள். முதலாளி விருந்தாளிகளைக் கூட்டி வந்து, புது மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் என்னைக் காட்டுவார். எனக்கும் அது பிடித்திருந்தது. மறைப்பானேன்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது எத்தியோப்பியாவிலிருந்து வரும் யிர்காசெஃப் காப்பி. உயரமான மலைப்பகுதியில், பெரும்பாலும் சின்னச் சின்ன தோட்டங்களில் விளைவது. வேறு ஊர்க் கொட்டை எதையும் அதோடு கலக்க மாட்டோம். கலந்தால் அந்த ஊரே அதில் காணாமல் போய்விடும். பக்குவமாக வறுத்தால் முதலில் மல்லிகை வரும், அப்புறம் எலுமிச்சைத் தோல், ஆறின பிறகு தேன். குடிப்பது காப்பியா தேநீரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசாக இருக்கும். கொஞ்சம் கூடுதலாக வறுத்தால் எல்லாம் போய்க் கசப்புதான் மிஞ்சும். அதை வறுத்தவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு போய்விட்டது. நாக்கு இருந்தது, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிந்தன. மல்லிகை தெரியவில்லை. எதன் வாசனையும் தெரியவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரும்வரை ஒப்பேற்றலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட.

ஒப்பேற்றுவது கஷ்டமாகவே இல்லை. மச்சினன் ஓட்டை வாய். வறுக்கும்போதே, இந்தத் தடவை மல்லிகை கம்மி, ஆரஞ்சு தூக்கல் என்று உளறிவிடுவான். நான் ருசி பார்க்கும் மேஜையில் உறிஞ்சி, கண்ணை மூடி, சற்று நிதானித்து, ஆரஞ்சு என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவனும் ஆட்டுவான். "எப்படி மாமா, நான் நினைச்சதை அப்படியே சொல்றீங்க" என்று பூரித்துப் போவான். சொன்னது தான்தான் என்பது அவனுக்கு ஞாபகமே இருக்காது. அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

காலையில் ஆலைக்கு முதலில் வருவது நாங்கள் இருவர்தான். அன்றைக்கு அவனுக்குக் கடுமையான சளி. முந்தின நாள்தான் வறுக்கும் இயந்திரத்துக்கு கேஸ் குழாய் மாற்றியிருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, எனக்கு மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. கேஸ் வாசனை ஏதாவது வருதான்னு நீங்க ஒரு தடவை மோந்து பாருங்க."

எனக்கும் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருந்திருப்போம். ஆனால் ஏன் மாமா, எப்போதிலிருந்து மாமா என்று கேட்பான். அந்த ஓட்டை வாய் மதியத்துக்குள் ஆலை முழுக்கச் சொல்லிவிடும். நான் கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன். சற்று நிதானித்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா. பத்த வை."

யிர்காசெஃப் சாம்பிள் எடுத்து வரலாம் என்று கிடங்குக்குப் போனேன். முற்றத்தைத் தாண்டியதும் வெடித்தது.

அவனுக்குச் சளி, என்னைக் கேட்கவில்லை, நான் கிடங்கில் இருந்தேன் என்று விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். செத்தவனின் அஜாக்கிரதை என்று முடித்துவிட்டீர்கள். ஒரு ஜாக்கிரதைக்காரனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். சொல்ல நாக்கு கூசுகிறது.

நேற்று மனைவி பாலும் சர்க்கரையும் தூக்கலாகக் கலந்து காப்பி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அவன் வறுத்த பொட்டலம் ஒன்று வீட்டில் இருந்தது. அதைத்தான் பிரித்திருக்கிறாள் என்று நினைத்து உறிஞ்சினேன். மல்லிகை வருதா என்று கேட்டாள். வருகிறது, எலுமிச்சைகூட வருகிறது, அருமையாக வறுத்திருக்கிறான் என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

அவள் அழவில்லை. "அதைத் தொட எனக்கு மனசு வரலைங்க. இது மூலைக் கடையில வாங்கின தூள்" என்றாள். என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"உங்களைக் கேக்காம அவன் பத்த வச்சிருக்க மாட்டானே. கேட்டானா?"

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். விடிந்ததும் இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை ஐயா, மானத்துக்குப் பயந்து சொன்ன ஒரு பொய், அவ்வளவுதான். ஆபத்து இருக்கும் என்று தெரிந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இல்லை, கொஞ்சம் பொறுங்கள். உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. வெறும் வயிறு என்று சொல்லிக்கொண்டேன். சாம்பிள் எடுக்கப் போனதாகச் சொன்னேன் அல்லவா? சாம்பிள் முந்தின நாள் சாயங்காலமே மேஜைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்து வைத்தவன் நான்தான்.